பெட்டியில் இல்லாதவர்கள்

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ஒரு குடும்பத்தின் வரலாறு வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1803-இல் பாபுராயர் என்ற அலுவலரைக் கொண்டு தொகுப்பித்த போன்ஸ்லே வம்ச சரித்திரம் அது. மராத்தியில் அமைந்த அந்தக் கல்வெட்டு இந்தியாவின் மிக நீண்ட கல்வெட்டுகளில் ஒன்று. கோயிலைக் கட்டிய ராஜராஜனின் தமிழ்க் கல்வெட்டுகள் யார் எதைக் கொடுத்தார் என்று சொல்கின்றன. எட்டு நூற்றாண்டு கழித்து வந்த மராத்தியக் கல்வெட்டோ யாருக்கு யார் பிறந்தார், யாருக்குப் பின் யார் பட்டத்துக்கு வந்தார் என்று சொல்கிறது.

அது எழுதப்பட்ட நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1787-இல் துளஜா மன்னர் இறந்தபோது சரபோஜி அவர் சுவீகாரம் எடுத்திருந்த சிறுவன். பட்டம் துளஜாவின் சகோதரர் அமர்சிங்குக்குப் போனது. பத்து வருடத்துக்கு மேல் நடந்த வழக்குக்குப் பிறகு, 1798-இல் ஆங்கிலக் கம்பெனியின் தயவால் சரபோஜி அரியணை ஏறினார். மறு ஆண்டே நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்து உடன்படிக்கை செய்துகொண்டார். அதற்கு நாலு வருடம் கழித்து வந்தது வம்ச சரித்திரம். ஆட்சி கைவிட்டுப் போய்விட்டது. வாரிசுரிமையை ஒருவர் ஏற்கெனவே மறுத்துப் பார்த்திருக்கிறார். இந்த நிலையில்தான் மன்னர் தன் பரம்பரையைக் கல்லில் ஏற்றினார்.

குடும்ப வரலாறு தேடுகிற எவருக்கும் இதில் முதல் பாடம் இருக்கிறது. ஒரு குடும்பம் தன்னைப் பற்றி எழுதி வைப்பதும் பத்திரப்படுத்துவதும் பெரும்பாலும் ஏதோ ஓர் உரிமையை நிலைநாட்டத்தான். காவிரிப் படுகையில் அந்த உரிமை நிலம். நிலம் இருந்த வீட்டில் தாள் இருந்தது; நிலம் இல்லாத வீட்டில் தாளுக்கு வேலை இல்லை. நிலம் இருந்த வீட்டிலும் அது ஆண்களின் பெயரில் இருந்தது, ஆகவே தாளும் அவர்கள் பெயரிலேயே இருந்தது. வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியைத் திறந்தால் கிடைப்பது குடும்பத்தின் ஒரு பகுதிதான். மற்ற பகுதி அடுத்தவர்கள் எழுதிய தாள்களில் கிடக்கிறது.

பரணும் பெட்டியும்

படுகையின் பழைய வீடுகளில் என்னென்ன மிஞ்சியிருக்கும்? ஓலையிலோ காகிதத்திலோ எழுதிய ஜாதகங்கள். கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், கிஸ்தி கட்டிய ரசீதுகள். கல்யாண மொய் எழுதிய நோட்டுகள். குத்துவிளக்கு, அண்டா, வெண்கலப் பானை. கண்ணாடிச் சட்டம் போட்ட புகைப்படம். கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட கடிதங்கள்.

இவற்றில் சிலவற்றுக்கு நாம் தரும் மதிப்பு குறைவு. மொய் நோட்டை எடுத்துக்கொள்வோம். திருப்பிச் செய்ய வேண்டிய கடனுக்கான கணக்கு என்பதால் அதில் பொய் இருக்காது. ஊர்ப் பெயர், ஆளின் பெயர், தகப்பன் பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். எந்த ஊரில் கொண்டான் கொடுத்தான் உறவு இருந்தது, எந்தப் பங்காளி வரவில்லை, எந்தச் சாதியார் வந்து மொய் எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். இரண்டு கல்யாணங்களின் நோட்டை அருகருகே வைத்துப் பார்த்தால், நடுவில் முறிந்த உறவும் புதிதாக முளைத்த உறவும் தெரியும்.

பாத்திரமும் ஆவணம்தான். சீர்வரிசையாகப் போன பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கம், பத்திரத்தில் பெயரே வராத பெண்களின் வழித்தடத்தைக் காட்டித் தருகிறது. ஒரு வீட்டில் இருக்கும் பித்தளை அண்டாவில் அந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஊரின் பெயரும் தலைப்பெழுத்தும் இருந்தால், அது பெரும்பாலும் அங்கே வாழ வந்த ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைச் சொல்லும். பட்டா மகனுக்குப் போனது; அண்டா மகளோடு போனது.

பெயர்களை நினைவில் வைப்பதற்குத் தாள் இல்லாத வழிகளும் உண்டு. தர்ப்பணம் செய்யும் வீடுகளில் தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்கள் மனப்பாடமாக இருக்கும். மற்ற சமூகங்களில் குலதெய்வக் கோயில் அந்த வேலையைச் செய்கிறது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டு, எத்தனை பங்காளி வீடுகள், யார் ஊரைவிட்டுப் போனார்கள், யார் தனிக்குடித்தனம் ஆனார்கள் என்பதற்கு வருடா வருடம் எடுத்த கணக்கு.

காலத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய கடிதங்களும் ஜாதகங்களும் தமிழ் வருடப் பெயரைத்தான் சொல்லும். பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் ‘சர்வஜித்து மார்கழி’ என்றால் அது 1827, 1887, 1947 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்திருந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துச் சரியான ஆண்டை எடுத்துவிடலாம். அது கைகொடுக்காத இடத்தில் தாள் உதவும். இந்தியாவில் அஞ்சலட்டை 1879-இல்தான் வந்தது. காலணா கார்டில் எழுதிய சர்வஜித்து நிச்சயமாக 1827 இல்லை. நிலப் பத்திரங்களில் வரும் பசலி ஆண்டு இன்னும் எளிது. அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1362 என்றால் 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை. படுகைக் கிராமங்களில் முதியவர்கள் பேசும் 1952 நவம்பர்ப் புயல் விழுந்தது அந்தப் பசலியில்தான். அந்தப் பசலிக்குப் பிறகு ஒரு குடும்பத்தின் கிஸ்தி ரசீது நின்றுபோயிருந்தால், புயலையும் சேர்த்து யோசிக்கலாம்.

சாரங்கபாணி சன்னிதித் தெருவின் ஒரு வீடு

பெட்டிக்குள் இருப்பதையும் வெளியில் இருப்பதையும் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருக்கும் ஒரு வீடு நல்ல உதாரணம். கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு. 2003 முதல் சாஸ்திரா பல்கலைக்கழகம் அதை நினைவிடமாகப் பராமரித்து வருகிறது. அது மிராசுதார் வீடல்ல. தகப்பனார் ஸ்ரீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடையில் குமாஸ்தா; சம்பளம் மாதம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், கல்லூரி மாணவர்களுக்கு வீட்டில் சாப்பாட்டோடு இடம் கொடுத்தும் குடும்பத்துக்குத் துணை செய்தார்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல், சர்வஜித்து வருடம் மார்கழி மாதம் வியாழக்கிழமை, பாட்டி வீடு இருந்த ஈரோட்டில் பிறந்தார். அவருடைய இளமையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமானது குடும்பத்தார் பேணிய குறிப்புகளிலிருந்து வந்தது. மேதையின் கதையை மட்டும் தேடுபவர்கள் தாண்டிப் போகும் செய்திகள் அவற்றில் உண்டு. அவருக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகளும், 1889-இல் ஒரு தம்பி, 1891-இல் ஒரு தங்கை, 1894-இல் இன்னொரு தம்பி, ஒரு வயது நிறைவதற்குள் இறந்தார்கள். 1889 டிசம்பரில் இராமானுஜனுக்கு அம்மை கண்டது. வீட்டுக் கணக்கில் அது ஒரு பிள்ளையின் நோய். அரசாங்கத்தின் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் வேறொன்று தெரியும்: அந்தக் காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு மோசமான ஆண்டில் மட்டும் சுமார் 4,000 பேர் அம்மைக்குப் பலியானார்கள். பிழைத்த பிள்ளையின் தழும்புக்குப் பின்னால் இருந்த பயத்தின் அளவை வெளிக்கணக்குதான் சொல்கிறது.

அடுத்தது பத்திரிகை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணக்கைத் தவிர வேறெதிலும் நாட்டமின்றி ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1905 செப்டம்பரில் ‘தி இந்து’ நாளிதழில் காணாமற்போன பையனைப் பற்றி ஒரு சிறு அறிவிப்பு வந்தது. வைணவ பிராமணப் பையன், சிவந்த நிறம், வயது சுமார் 18, அண்மைக்காலம் வரை கும்பகோணம் கல்லூரி மாணவன், ஏதோ மனத்தாங்கலால் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்பது அதன் சாரம்.

சில வரிகள்தான். அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று பாருங்கள். அன்றைக்கு அவருக்குப் பதினேழு முடிந்து எட்டு மாதம். ‘சுமார் 18’ என்பது நடக்கும் வயதைச் சொல்லும் நம் வழக்கம். செய்தி வீட்டாரிடமிருந்து போயிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். உதவித்தொகை போனது அறிவிப்பில் இல்லை. ‘மனத்தாங்கல்’ என்ற பொதுச் சொல் அதை மூடிவிட்டது. நாலு பேர் படிக்கும் ஆங்கிலப் பத்திரிகையில் போடும் அளவுக்குப் பயம் இருந்திருக்கிறது; காரணத்தைச் சொல்ல முடியாத அளவுக்கு மானமும் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் கல்லூரிச் சான்றிதழ் மட்டும் கிடைத்திருந்தால் இந்த இரண்டும் தெரிந்திருக்காது.

இராமானுஜனின் கடிதங்களும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளும் ஓரிடத்தில் சேர்ந்ததற்குச் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே. ஸ்ரீனிவாசனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். உறவினர், நண்பர், உடன் படித்தவர் என்று தேடித் திரட்டி 1968-இல் அவற்றை நூலாக வெளியிட்டார். இராமானுஜன் இறந்து 48 ஆண்டு ஆகியிருந்தது. இன்னும் இருபது வருடம் தாமதித்திருந்தால் சொல்வதற்கு அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் செய்யாததைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்தார் என்பது இத்தகைய தேடலுக்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை என்பதற்குச் சாட்சி.

இவ்வளவு தேடியும் கிடைக்காத கடிதங்கள் உண்டு. அவை மனைவி ஜானகி எழுதியவை. 1914 மார்ச்சில் இராமானுஜன் கப்பலேறினார். ஐந்து வருடம் இங்கிலாந்தில் இருந்தார். அந்த ஆண்டுகளில் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒருவருக்கொருவர் போய்ச் சேராமல் மாமியாரால் தடுக்கப்பட்டன என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் கனிகல் எழுதுகிறார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞருக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகப் புகழ்பெற்றது. மனைவி எழுதியது வீட்டிலேயே நின்றுபோனது. கடிதம் இல்லை என்பதே அந்த வீட்டின் உறவுகளைப் பற்றிய ஆவணம்.

ஜானகியின் குரல் பின்னால் பத்திரிகை வழியாகத்தான் வெளியே வந்தது. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லை என்று அவர் வருந்தியது 1980களின் தொடக்கத்தில் பத்திரிகையில் வெளியாயிற்று. அதை அறிந்த அமெரிக்கக் கணித அறிஞர்கள் ரிச்சர்டு ஆஸ்கி முதலியோர் பணம் திரட்டிச் சிற்பி பால் கிரான்லண்டைக் கொண்டு மார்பளவுச் சிலை வார்த்தார்கள். சிற்பிக்கு ஆதாரமாக இருந்தது பாஸ்போர்ட்டுக்காக எடுத்த புகைப்படம். ஓர் அலுவலகத் தேவைக்கு எடுத்த படம் சிலையாகி, 1994-இல் ஜானகி மறையும் வரை அவரிடம் இருந்த மிகப் பெரிய நினைவுப்பொருளாயிற்று.

கடிதத்தின் மறுபாதி

நம் பெட்டியில் இருக்கும் கடிதங்கள் அநேகமாக நமக்கு வந்தவை. நம் வீட்டார் எழுதியவை ஊர் ஊராகப் போய்விட்டன. இந்த எளிய உண்மை குடும்ப வரலாற்றுத் தேடலின் திசையையே மாற்றுகிறது: தாத்தா என்ன நினைத்தார் என்று தெரிய வேண்டுமானால் தாத்தாவின் பெட்டியைவிட அவருடைய சம்பந்தி வீட்டுப் பெட்டிதான் உதவும்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் 1855-இல் பிறந்து, 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பொன்போலக் காத்தார். அவற்றின் பெரும் தொகுப்பு சென்னையில் அவர் பெயரிலான நூல்நிலையத்தில் இருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதி அவற்றைப் பதிப்பித்து வருகிறார். ஏடு கேட்டு உ.வே.சா. எழுதிய கடிதங்களின் மறுமொழிகள் அங்கே இருக்கின்றன. அவர் எழுதியவை ஆதீனங்களிலும் ஜமீன்களிலும் கவிராயர் வீடுகளிலும் சிதறிப் போயிருக்கும். ஒருவர் எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் அவருடைய சேகரிப்பு ஒரு பக்க உரையாடல்தான்.

1940 முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் சரித்திரம்’ சொந்த ஊரின் கதையிலிருந்தே தொடங்குகிறது. முன்னோரைப் பற்றி அவர் எழுதியவை பெரும்பாலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை. அச்சும் ஏடும் பார்த்துப் பாடபேதம் ஒப்பிட்டவர், வாய்மொழியைத் தாழ்வாக எண்ணவில்லை. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை வருத்தத்தோடு பதிவு செய்தவரும் அவரே. இன்று அந்த வேலையைப் போகிப் பண்டிகை செய்கிறது. வீட்டை ஒழிக்கும்போது முதலில் தீயில் விழுபவை செல்லாத ரசீதும் பழைய கார்டும்தான்.

கடல் தாண்டிப் போனவர்களின் கடிதம் தனி ரகம். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல்கள் படுகையின் ஆட்களைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றிச் சென்றன. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்றும் அந்தப் பக்கத்து முதியவர்களுக்குத் தெரியும். மலாயாவிலிருந்து வந்த கடிதத்தில் பணம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே முக்கால் பங்கு இருக்கும். பல வீடுகளில் அந்தக் கட்டு 1941-ஓடு முடிகிறது. அடுத்த ஆண்டு ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் தபால் நின்றது. சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அங்கே இறந்த போர்க்கைதிகளுக்குக் கல்லறையில் பெயர் உண்டு. தமிழ்க் கூலிகளுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. ஊரில் இருந்தவர்களுக்குக் கடிதம் வராததுதான் சாவுச் செய்தி.

பத்திரிகையில் எங்கே தேடுவது

திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899-இல் நாளிதழானது. படுகையின் மாவட்டச் செய்திகளுக்கு அது பெரிய சுரங்கம். முன்னோரின் பெயர் பெரிய செய்திகளில் கிடைப்பது அரிது. அது கிடைக்கும் இடங்கள் வேறு: கோர்ட் ஏல அறிவிப்பு, இன்சால்வென்சி நோட்டீஸ், காணவில்லை விளம்பரம், கல்யாணச் செய்தி, நன்கொடைப் பட்டியல், ஊர் நிருபர் எழுதும் வாய்க்கால் தகராறு. அரசிதழ்களில் தேர்வு முடிவுகளும் பணி நியமனங்களும் வரும். மூலப் பத்திரிகை அழிந்துபோன இடத்தில் இன்னொரு வழி உண்டு. சென்னை மாகாண அரசு சுதேசப் பத்திரிகைகளைக் கண்காணித்து, அவற்றின் சாரத்தை வாராவாரம் ஆங்கிலத்தில் எடுத்து அச்சிட்டு வைத்தது. இன்று ஒரு பிரதிகூடக் கிடைக்காத தமிழ் இதழ்களின் செய்திகள் அந்த உளவுக் குறிப்புகளில் பிழைத்திருக்கின்றன.

எழும்பூரில் 1909-இல் கட்டப்பட்ட ஆவணக் காப்பகம், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994-இல் உருவான ஆராய்ச்சி நூலகம், தஞ்சை சரசுவதி மகால், மராத்தியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களைத் தமிழில் தந்திருக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லா 1991, 1997, 2020 என மூன்று தவணையில் நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எனப் பிரிந்தது; அறந்தாங்கிப் பக்கம் 1974-இலேயே புதுக்கோட்டையோடு போனது. ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அதன் நூறு வருடத்துக்கு முந்தைய தாள் தஞ்சாவூர் என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கும்.

ஒரே ஆள், இரண்டு தேடல்

பெட்டி இருந்தவர்களின் வரலாற்றையும் பெட்டியே இல்லாதவர்களின் வரலாற்றையும் ஒருவரே எழுதிய கதை ஒன்று உண்டு. அவர் மைதிலி சிவராமன். நியூயார்க்கில் ஐ.நா. சபையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்துவிட்டு 1968-இல் தமிழகம் திரும்பினார். அந்த டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. ஒரு குடிசைக்குள் ஒளிந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். முதல் நாள் பத்திரிகைச் செய்திகள் 42 என்றன. விவசாயிகளுக்குள் நடந்த மோதலின் தொடர்ச்சியாகவும் காட்டின. நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த நிலச்சுவான்தார்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. மைதிலி அந்தச் சேரிக்குப் போய், பிழைத்தவர்களின் வாயால் கேட்டு, தீர்ப்பையும் படித்து எழுதிய கட்டுரைகள் இன்று கீழ்வெண்மணியின் முதன்மைச் சான்றுகளில் சேர்ந்திருக்கின்றன.

அவரே 2006-இல் தம் பாட்டி சுப்பலட்சுமியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1897-இல் பிறந்து சிறு வயதிலேயே மணமாகி, ஒரே மகளைப் பெற்று, பள்ளிப் படிப்புக்கு வழியின்றித் தானாகவே வாசித்து வளர்ந்து, 1978-இல் மறைந்த பெண். குடும்பத்தார் நினைவில் அவர் பேச்சு குறைந்த, ஒதுங்கிய பாட்டி. அவர் விட்டுப்போன பெட்டிக்குள் இருந்த நாட்குறிப்பும் கடிதங்களும் வாசித்த நூல்களின் குறிப்புகளும் வேறொரு பெண்ணைக் காட்டின: அரசியலைக் கவனித்தவர், சுதந்திரத்துக்கு ஏங்கியவர். வரலாற்றாசிரியர் உமா சக்கரவர்த்தி இதை ஆவணப்படமாகவும் எடுத்தார்.

இரண்டு தேடலிலும் மைதிலியின் முறை ஒன்றுதான். குடும்பமோ பத்திரிகையோ சொல்லிவைத்த கதையை அவர் முடிவாக ஏற்கவில்லை. சம்பந்தப்பட்டவரின் சொந்தச் சொல் எங்கே என்று கேட்டார். ஒரு இடத்தில் அந்தச் சொல் பெட்டியில் கிடைத்தது. இன்னொரு இடத்தில் பெட்டி மட்டுமில்லை, குடிசையே இல்லை. அங்கே கேட்டு எழுதுவது ஒன்றே வழியாக இருந்தது. வெண்மணி நினைவிடத்தில் 44 பேரின் பெயர்களும் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு முழுப் பெயராக எழுதப்பட்ட முதல் இடம் காவல் நிலையத்தின் தாளாக இருந்திருக்கக் கூடும்.

பண்ணைக் கணக்கு யாருடையது

நிலமில்லாத குடும்பங்களின் பெயர் தாளில் ஏறிய வரலாறே படுகையின் நில உறவுகளின் வரலாறு. 1890களின் சர்வே செட்டில்மென்ட் பதிவேட்டில் பட்டாதாரின் பெயர் இருக்கும். சேற்றில் இறங்கியவரின் பெயர் இருக்காது. 1952-இல் தஞ்சாவூருக்கென்றே தனியாக வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளைச் சட்டத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. 1969-இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. 1971-இன் குடியிருப்பு உரிமைச் சட்டம், விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே ஆக்கியது. பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் அந்தக் குடியிருப்புப் பட்டாதான் குடும்பத்தின் மிகப் பழைய ஆவணம். அவர்களுடைய எழுத்து வரலாறு ஐம்பது வருடத்துக்கு முன்னால்தான் தொடங்குகிறது.

அதற்கு முந்தையதைத் தேட இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கடலுக்கு அப்பால். ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் பிஜிக்கும் போனவர்களுக்கு அரசாங்கம் சீட்டு எழுதியது. தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, மாவட்டம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் அதில் பதிவானது. மொரீஷியசின் மகாத்மா காந்தி நிறுவனம் அங்கே போனவர்களின் பதிவேடுகளைக் காத்து வருகிறது. ஊரில் தங்கிய அண்ணனுக்கு ஒரு வரி ஆவணம் கிடையாது. கப்பலேறிய தம்பிக்கு உண்டு. டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரன் தன் ஊரைத் தேடி வரும்போது, அவன் கையிலிருக்கும் சீட்டு இங்கிருக்கும் உறவினருக்கும் முதல் குடும்ப ஆவணமாகிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரைத்தான் பொறுமையாகப் படித்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது இடம் அடுத்த தெரு. மிராசுதார் வீட்டுக் காரியக்காரர் எழுதிய பண்ணைக் கணக்கேடு. குறுவைக்கும் சம்பாவுக்கும் யார் யார் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தார்கள், யாருக்கு எத்தனை மரக்கால் அளந்தது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் என்று வரி வரியாக இருக்கும். ஆளின் பெயரோடு தகப்பன் பெயரும் பல இடத்தில் வரும். முன்பணத் தேதியிலிருந்து கல்யாணம் நடந்த வருடத்தை எடுக்கலாம்; ஒரு பெயர் நின்று அதே கணக்கில் மகனின் பெயர் தொடங்கும் பக்கத்திலிருந்து சாவின் வருடத்தை எடுக்கலாம். கடனில் கட்டிப்போடுவதற்காக எழுதிய கணக்கு அது. எழுதியவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்தக் குடும்பங்களின் பிறப்பு, கல்யாணம், சாவு பற்றிய எழுத்து பல கிராமங்களில் அது ஒன்றில்தான் இருக்கிறது.

பண்ணை வீடுகள் விற்கப்பட்டு, வாரிசுகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனபின், வெண்கலப் பாத்திரமும் தேக்கு ஊஞ்சலும் பங்காகிப் போயின. கணக்கேட்டுக்கு எடைக்கு எடை பழைய பேப்பர் விலைதான். அதை வைத்திருக்கும் குடும்பம் தன்னுடைய பழைய செல்வத்துக்குச் சாட்சியாகப் பார்க்கிறது, அல்லது வெட்கப்பட்டு ஒளித்து வைக்கிறது. இரண்டுமே அதைத் தன் சொத்தாக மட்டும் எண்ணுவதால் வருவது. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் உள்ளவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில், சில வேளை அதே தெருக்கோடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதில் பாத்தியதை உண்டு.

ஆகவே தஞ்சைப் பக்கம் குடும்ப வரலாறு தேட இறங்குபவர் முதலில் செய்ய வேண்டியது தன் வீட்டுத் தாளில் வரும் அடுத்தவர் பெயர்களைப் பட்டியலிடுவது. பத்திரத்தின் சாட்சிகள், மொய் எழுதியவர்கள், கடிதம் கொண்டுவந்தவர், கணக்கேட்டின் ஆட்கள். அந்தக் குடும்பங்களிடம் போய்க் கேட்டால் தன் தாத்தாவைப் பற்றித் தன் வீட்டில் யாரும் சொல்லாத செய்தி கிடைக்கும். பிடிக்காத செய்தியாகவும் இருக்கலாம். கைமாறாகத் தர வேண்டியது ஒன்று உண்டு. கணக்கேட்டைப் படமெடுத்து, பெயர் வாரியாக அடைவு போட்டு, ஒரு பிரதியை நூலகத்துக்கும் இன்னொன்றைச் சம்பந்தப்பட்ட தெருவுக்கும் கொடுத்துவிட வேண்டும். சரபோஜியின் கல்வெட்டு ஒரு குடும்பம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது. பண்ணைக் கணக்கு, எழுதிய குடும்பத்தைவிட எழுதப்பட்ட குடும்பங்களைப் பற்றி அதிகம் சொல்கிறது. அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை எந்த மிராசுதார் வீட்டின் வரலாறும் முழுதாக எழுதப்பட்டதாகாது.